வெளிநாட்டில் ஒரு செமஸ்டர்: வகுப்பு, இன்டர்ன்ஷிப், ஊர் வாழ்க்கை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டு செமஸ்டர் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் மேசையில் சில வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். எதிரே வந்து உட்காரும் முகம் மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். விசா விதிகள் அடிக்கடி மாறும். இதை வைத்து விண்ணப்பத்தை நிரப்பாதீர்கள். போகும் நாட்டின் அரசு இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

"இது எக்ஸ்சேஞ்ச் புரோகிராம்தானே? புதுசா பேர் வெச்சிருக்காங்களா?"

பாதி சரி. எக்ஸ்சேஞ்சில் இரண்டு பல்கலைக்கழகங்கள் மாணவர்களை மாற்றிக்கொள்கின்றன; போய்ப் பாடம் படித்துவிட்டு வருவீர்கள். இங்கே பேசப்போவது அதைவிடக் கொஞ்சம் நெருக்கடியானது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வகுப்பு, மீதி நாட்களில் ஒரு நிறுவனத்திலோ ஆய்வகத்திலோ தொண்டு அமைப்பிலோ இன்டர்ன்ஷிப். அப்புறம் அந்த ஊரின் மொழி, வரலாறு, வாழ்க்கை முறைக்கென்று ஒதுக்கிய நேரம். எல்லாம் சேர்த்து 4 முதல் 6 மாதம்.

யோசனை பழையதுதான். 1923இல் அமெரிக்காவின் டெலவர் பல்கலைக்கழகம் 8 மாணவர்களை பிரான்சுக்குக் கப்பலில் அனுப்பியது. அங்கே படித்ததை இங்கே கிரெடிட்டாகச் சேர்க்கும் வழக்கம் அமெரிக்காவில் அப்படித்தான் ஆரம்பித்தது. ஐரோப்பாவின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் 1987இல் 11 நாடுகளோடும் சுமார் 3,200 மாணவர்களோடும் தொடங்கியது. அதற்குள் இன்டர்ன்ஷிப் வந்தது 2007இல்தான். வகுப்பையும் இன்டர்ன்ஷிப்பையும் ஒரே செமஸ்டரில் கட்டிப்போடும் ஆசை இப்போது எல்லோருக்கும் வந்துவிட்டது. ரெஸ்யூமே அழுத்தம், வேறென்ன.

"எந்த செமஸ்டர்ல போனா நல்லது?"

நாலு வருடப் படிப்பென்றால் 5வது அல்லது 6வது. அதற்கு முன்னால் போனால் இன்டர்ன்ஷிப் கேட்கும்போது காட்டுவதற்குக் கையில் பெரிதாக ஒன்றும் இருக்காது. கடைசி செமஸ்டரில் போகிறேன் என்று வருபவர்களை நான் தடுத்துவிடுவேன். அங்கிருந்து மதிப்பெண் பட்டியல் வர இரண்டு மாதம் ஆனாலும் ஆச்சரியமில்லை. அது வராமல் பட்டம் கைக்கு வராது.

"எப்ப இருந்து வேலையை ஆரம்பிக்கணும்?"

ஒரு வருடம் முன்பிருந்து. ஒவ்வொரு காகிதமும் இன்னொரு காகிதத்துக்காகக் காத்திருக்கும். அங்கே இடம் கிடைத்தால்தான் அனுமதிக் கடிதம் வரும், அது வந்தால்தான் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். இன்டர்ன்ஷிப் கடிதம் அதற்கு முன்பே வேண்டுமா, பின்பு போதுமா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும்.

நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் முதல் மார்ச் வரை. பாடம் பிப்ரவரி நடுவாக்கில் முடியும், தேர்வுகள் அதை ஒட்டியோ அதற்குப் பிறகோ வரும். ஜப்பானில் கல்வியாண்டே ஏப்ரலில்தான் தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவில் முதல் செமஸ்டர் பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ. ஒரு மாணவி ஜனவரி கடைசிக்குத் திரும்பும் டிக்கெட் எடுத்துவிட்டு, பிப்ரவரியில் தேர்வு இருப்பதை அங்கே போன பிறகுதான் பார்த்தாள். டிக்கெட்டை மாற்றியாயிற்று, ஆனால் சொந்தக் கல்லூரியில் அடுத்த செமஸ்டரின் முதல் நான்கு வாரம் போய்விட்டது. இரண்டு நாட்காட்டியையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்திருந்தால் பத்து நிமிட வேலை.

"அங்க படிச்ச கிரெடிட் இங்க சேருமா? இல்ல ஒரு செமஸ்டர் வீணாப் போயிடுமா?"

போவதற்கு முன்பே கையெழுத்து வாங்கியிருந்தால் சேரும். வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று போனால், துறைத் தலைவர் அன்றைக்கு என்ன மனநிலையில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

அந்தக் காகிதத்துக்குப் பெரும்பாலும் 'லேர்னிங் அக்ரிமென்ட்' என்று பெயர். அங்கே படிக்கும் ஒவ்வொரு பாடமும் இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடாகும் என்று அதில் இருக்கும். நீங்களும் உங்கள் கல்லூரியும் அங்குள்ள பல்கலைக்கழகமும் கையெழுத்திட வேண்டும். இன்டர்ன்ஷிப் பகுதிக்கு நிறுவனமும். அங்கே போனதும் ஒரு பாடம் ரத்தாகியிருக்கும், இன்னொன்றின் நேரம் மோதும். பாடம் மாறுவது சகஜம். மாற்றிய அன்றே மின்னஞ்சல் அனுப்பி, ஒப்பந்தத்திலும் மாற்றி, மறுபடி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். "சார் போனில் சரின்னு சொன்னார்" என்பது ஒரு வருடம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கிரெடிட் கணக்கும் இடத்துக்கு இடம் மாறும். ஐரோப்பாவின் இசிடிஎஸ் முறையில் ஒரு வருடத்துக்கு 60, ஒரு செமஸ்டருக்கு 30. ஒரு கிரெடிட் என்றால் வகுப்பு, வீட்டில் படிப்பு, தேர்வு எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. பிரிட்டனில் வருடத்துக்கு 120, அதாவது அவர்களின் இரண்டு கிரெடிட் ஒரு இசிடிஎஸ். அமெரிக்காவில் செமஸ்டருக்குச் சுமார் 15. இரண்டு இசிடிஎஸ்ஸை ஒரு அமெரிக்க கிரெடிட்டாக எடுத்துக்கொள்வது பொதுவான வழக்கம். உங்கள் கல்லூரி எந்தக் கணக்கை ஏற்கும் என்று எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் அன்றைய தேதியோடு பிடிஎஃப் ஆக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் அந்தப் பக்கமே இணையதளத்தில் இருக்காது.

"அப்ப அங்க வாங்கின மார்க்கும் சிஜிபிஏல ஏறுமா?"

சில கல்லூரிகள் மார்க்கை மாற்றி எழுதிக்கொள்ளும், சில 'தேர்ச்சி' என்று மட்டும் போட்டுவிடும். இரண்டில் எது என்று தெரிந்துகொண்டு போனால் தூக்கம் கெடாது. தேர்ச்சி மட்டும் என்றால் கடினமான, பிடித்த பாடத்தைத் துணிந்து எடுக்கலாம்.

மாற்றி எழுதுவார்கள் என்றால் அளவுகோலைப் புரிந்துகொள்ளுங்கள். ஜெர்மனியில் 1.0தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் போச்சு. பிரான்சில் 20க்கு மார்க், 10 எடுத்தால் தேர்ச்சி, 16 என்றால் மிக நன்று. பிரிட்டனில் 70க்கு மேல் முதல் வகுப்பு. லண்டனிலிருந்து ஒரு பையன் "68தான் வந்திருக்கு, எல்லாம் முடிஞ்சது" என்று நள்ளிரவில் மெயில் அனுப்பினான். அவன் வகுப்பில் அது நல்ல மார்க். ஆனால் இங்கே யாராவது அந்த 68ஐ அப்படியே நூற்றுக்கு 68 என்று பதிந்துவிட்டால் நஷ்டம் அவனுக்குத்தான். மாற்றும் அட்டவணை எது என்று முன்பே கேட்கச் சொல்வது இதனால்தான்.

"கிளாஸ், இன்டர்ன்ஷிப், ஊர் சுத்துறது... மூணும் ஒரே செமஸ்டர்ல நிஜமா முடியுமா?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. விளம்பரப் பக்கங்கள் இதற்குப் பதில் சொல்லாமல் ஒரு சூரிய அஸ்தமனப் படத்தைப் போட்டுவிடுகின்றன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன 30 இசிடிஎஸ், கிரெடிட்டுக்கு 25 மணி என்று குறைவாக வைத்தாலும் 750 மணி நேரம். 15 வாரம் என்றால் வாரத்துக்கு 50 மணி. ஒரு முழுநேர வேலையைவிட அதிகம். இதில் இன்டர்ன்ஷிப்புக்கு 10 கிரெடிட் என்றால் அது 250 மணி, வாரத்துக்குச் சுமார் 17 மணி, அதாவது இரண்டு முழு நாளும் கொசுறும். மீதி 20 கிரெடிட்டுக்கு மூன்று நான்கு பாடம். இப்படி இருந்தால் முடியும். மாலையும் வார இறுதியும் ஓரளவு மிஞ்சும்.

ஆனால் 30 கிரெடிட்டுக்கும் பாடம் எடுத்துவிட்டு, அதற்கு வெளியே இன்டர்ன்ஷிப்பையும் சேர்த்தால் வாரம் 67 மணி ஆகிவிடும். பயண நேரம் இன்னும் தனி. அப்படிப் போனவர்கள் பார்த்த ஊர் மெட்ரோவின் ஜன்னல் வழியாகப் பார்த்த ஊர்தான். ஆகவே எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது: இன்டர்ன்ஷிப் முழு கிரெடிட் சுமைக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? மற்ற எல்லாம் இதற்கு அடுத்ததுதான்.

இன்னொரு வடிவமும் உண்டு. முதல் பாதியில் வகுப்பை நெருக்கி முடித்துவிட்டு, இரண்டாம் பாதியில் முழுநேர இன்டர்ன்ஷிப். வேலை கற்றுக்கொள்ள இதுவே மேல் என்பேன். வாரத்தில் இரண்டு நாள் வருகிறவருக்கு யாரும் பொறுப்பான வேலை தருவதில்லை. தினமும் கண்ணில் படுகிறவருக்குத் தருவார்கள்.

"இன்டர்ன்ஷிப்பை அவங்களே வாங்கித் தருவாங்களா, நாமளே தேடணுமா?"

மூன்று மாதிரியும் உண்டு: திட்டமே நிறுவனத்தைப் பொருத்தித் தருவது, பட்டியலைக் கொடுத்து நேர்காணலை உங்களிடமே விடுவது, முழுக்க நீங்களே தேடுவது. 'உறுதி' என்று போட்டிருந்தால் ஏதோ ஓர் இடம் உறுதி என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் துறை, பிடித்த நிறுவனம், வீட்டுக்குப் பக்கம் என்பதெல்லாம் அதில் அடங்காது.

போன செமஸ்டரில் போனவர்கள் எங்கெல்லாம் வேலை பார்த்தார்கள், என்ன செய்தார்கள் என்று பட்டியல் கேளுங்கள். அந்தப் பட்டியல் இருக்கும் விதத்திலேயே பாதி விஷயம் புரிந்துவிடும்.

"சம்பளம் உண்டா?"

கிரெடிட்டுக்குச் செய்யும் இன்டர்ன்ஷிப் பெரும்பாலும் சம்பளமில்லாதது. விதிவிலக்குகள் உண்டு. பிரான்சில் ஒரே நிறுவனத்தில் ஒரு கல்வியாண்டில் இரண்டு மாதத்தைத் தாண்டினால் உதவித்தொகை தருவது சட்டப்படி கட்டாயம். அதற்கு முன்பே கல்லூரி, நிறுவனம், மாணவர் மூவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். ஜெர்மனியில் நிலைமை தலைகீழ்: பாடத்திட்டம் கட்டாயமாக்கிய இன்டர்ன்ஷிப்புக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது.

இந்தப் பணத்தை நம்பித்தான் வாடகை கொடுக்கப்போகிறீர்கள் என்றால், திட்டத்தை மறுபடி யோசியுங்கள்.

"ஸ்டூடன்ட் விசா இருக்கே, அப்புறம் வேலை பார்க்க என்ன தடை? அதுவும் சம்பளமே இல்லாத வேலை!"

நிறையப் பேர் சறுக்கும் இடம் இது. குடிவரவுச் சட்டம் சம்பளத்தை மட்டும் வைத்து 'வேலை'யை அளப்பதில்லை. பிரிட்டனுக்குச் சில மாதம் படிக்க விசிட்டராகப் போகிறவர் அங்குள்ள நிறுவனத்துக்கு இலவசமாகக்கூட வேலை செய்ய முடியாது. மாணவர் விசாவில் பட்டப்படிப்புக்குப் போகிறவர் வகுப்பு நடக்கும் காலத்தில் பொதுவாக வாரம் 20 மணி நேரம் வரை செய்யலாம். ஒரே படிப்பு, ஒரே ஊர், விசா வகை மட்டும் வேறு. விளைவு இவ்வளவு மாறுகிறது.

அமெரிக்காவில் எஃப்-1 என்ற வழக்கமான மாணவர் விசாவில் பாடத்தோடு இணைந்த இன்டர்ன்ஷிப் செய்ய இளநிலை மாணவர் முதலில் ஒரு முழுக் கல்வியாண்டு அங்கே படித்திருக்க வேண்டும். ஒரு செமஸ்டருக்குப் போகிறவரால் அது முடியாது. அதனால் இப்படிப் போகிறவர்கள் பெரும்பாலும் ஜே-1 என்ற பரிமாற்ற விசா வழியைப் பார்ப்பார்கள். அதில் துறை சார்ந்த பயிற்சிக்குத் திட்டத்தின் பொறுப்பு அலுவலர் எழுத்தில் அனுமதி தர முடியும். அந்தக் கடிதம் வருமுன் அலுவலகத்தில் கால் வைக்கக் கூடாது.

ஜப்பானில் படிப்பு விசாவோடு தனி அனுமதி வாங்கினால் வாரம் 28 மணி. ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி. படிப்பின் கட்டாயப் பகுதியாகப் பதிவான பயிற்சி அந்தக் கணக்கில் வராது. ஜெர்மனியில் 2024 மார்ச்சிலிருந்து வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள், கட்டாய இன்டர்ன்ஷிப்புக்கு அங்கேயும் விலக்கு. 'கட்டாயம்' என்ற சொல் எவ்வளவு பெரிய வேலை செய்கிறது பாருங்கள். உங்கள் கல்லூரிக் கடிதத்தில் 'இன்டர்ன்ஷிப் இந்த செமஸ்டரின் கட்டாயப் பகுதி' என்று இருக்கிறதா, 'விரும்பினால் செய்யலாம்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். சம்பள விஷயத்திலும், மேலே பார்த்தபடி, அதே சொல்தான் எதிர்ப்பக்கம் வெட்டும்.

"ஐரோப்பால இருக்கும்போது பக்கத்து நாடுகளுக்கெல்லாம் போலாம்ல?"

ஷெங்கன் என்பது தங்களுக்குள் எல்லைச் சோதனையைப் பொதுவாக நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டு. அதில் நாடு ஒன்றின் நீண்டகால விசாவோ வசிப்பு அனுமதியோ இருந்தால், மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை இருக்கலாம். அயர்லாந்தும் பிரிட்டனும் ஷெங்கனில் இல்லை. விசாவில் ஒரே ஒரு நுழைவுதான் அனுமதித்திருக்கிறார்களா என்று பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்றே பாருங்கள்; லண்டனுக்கு ஒரு வார இறுதி போய்விட்டு பாரிசுக்குள் திரும்ப முடியாமல் நிற்கக் கூடாது.

"அந்த ஊர் மொழி சுத்தமா தெரியாது. சமாளிச்சிடலாமா?"

வகுப்பைச் சமாளிக்கலாம். எத்தனையோ நாடுகளில் ஆங்கிலத்தில் நடக்கும் பாடங்கள் இருக்கின்றன. இன்டர்ன்ஷிப்தான் சிக்கல். கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கும். முடிவு எடுப்பது சாப்பாட்டு மேசையில், அவர்கள் மொழியில்.

ஐரோப்பிய மொழித்தர அளவில் ஏ1 ஆரம்பம், சி2 உச்சம். உள்ளூர் மொழியில் பாடம் படிக்கப் பொதுவாக பி2 கேட்பார்கள். ஒரு செமஸ்டரில் பூஜ்யத்திலிருந்து அங்கே போய்ச் சேர்வது நடக்காத காரியம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம், ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு ஸ்பானிய மொழிக்கே 600 முதல் 750 வகுப்பு மணி என்றும், ஜப்பானியம், சீனம், கொரியம், அரபுக்கு 2,200 மணி என்றும் கணக்கு வைத்திருக்கிறது. அதனால் இலக்கைச் சின்னதாக வையுங்கள். உங்களை அறிமுகப்படுத்திக்கொள்வது, உதவி கேட்பது, "புரியவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள்" என்பது, அலுவலகத்தில் நீங்கள் செய்யும் வேலையைப் பற்றி ஐந்து வாக்கியம். போவதற்கு முன் மூன்று மாதம் இதற்குப் போதும். தப்பும் தவறுமாக அந்த ஐந்து வாக்கியத்தைச் சொன்ன பிறகு அலுவலகத்தில் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறும்.

"பண்பாட்டு அனுபவம்னு போட்டிருக்காங்க. மியூசியம் கூட்டிட்டுப் போறதுதானே?"

திட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இருப்பது பெரும்பாலும் அதுதான். மியூசியம், ஒரு கோட்டை, ஒரு சமையல் வகுப்பு, குழுப் படம். அதில் தப்பில்லை. ஆனால் அங்கே உங்களோடு வந்தவர்களையேதான் மறுபடி பார்க்கிறீர்கள். ஒரே விமானத்தில் வந்து, ஒரே விடுதியில் தங்கி, ஒன்றாகவே ஊர் சுற்றி, ஒன்றாகவே திரும்பிய குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். நல்ல நண்பர்கள் ஆனார்கள், வாஸ்தவம். அந்த ஊரில் ஒருவரைக்கூடத் தெரியாது.

பலன் தருவது வாராவாரம் ஒரே இடத்துக்குப் போவது. பல்கலைக்கழகத்தின் பாட்டுக் குழு, மலையேறும் சங்கம், சதுரங்கம், ஞாயிற்றுக்கிழமை ஏதாவது தன்னார்வ வேலை, எதுவானாலும். முதல் வாரம் யாரும் பேச மாட்டார்கள். நாலாவது வாரம் "போன வாரம் ஏன் வரலை?" என்று ஒருவர் கேட்பார். அங்கிருந்துதான் ஊர் திறக்கும். செமஸ்டர் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் சேர்ந்துவிடுங்கள். சங்கங்கள் புது ஆட்களைத் தேடுவது அப்போதுதான். மத்தியில் போனால் எல்லோரும் ஏற்கெனவே கூட்டாளி பிடித்திருப்பார்கள்.

"ஒரு குடும்பத்தோட தங்கறதா, ஹாஸ்டலா?"

மொழி முக்கியம் என்றால் குடும்பம், இன்டர்ன்ஷிப் முக்கியம் என்றால் ஹாஸ்டல். குடும்பத்தோடு இருந்தால் பேச்சுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இரவுச் சாப்பாட்டு நேரம், விருந்தினர், சத்தம் எல்லாவற்றுக்கும் அவர்கள் வீட்டு முறை உண்டு, அவர்கள் வீடு பெரும்பாலும் நகரத்துக்கு வெளியே இருக்கும். ஹாஸ்டல் கேட்கும்போது 'வெளிநாட்டு மாணவர்களுக்கு மட்டும்' என்ற கட்டடத்தைத் தவிருங்கள், முந்தின பதிலில் சொன்ன காரணத்துக்காகவே.

"போய் ஒரு மாசம் கழிச்சு ஏன்டா வந்தோம்னு ஆயிடுச்சு. எனக்கு மட்டும்தானா?"

உங்களுக்கு மட்டும் இல்லை. மானிடவியலாளர் கலெர்வோ ஓபர்க் 1950களிலேயே இதைப் பற்றிப் பேசி 'கல்ச்சர் ஷாக்' என்ற சொல்லைப் பரப்பினார். 1955இல் ஸ்வெர்ரே லிஸ்கார்ட் அமெரிக்கா போய் வந்த நார்வேக்காரர்களை ஆராய்ந்தார். 6 மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்களும் 18 மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் நன்றாகப் பொருந்திக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர்கள்தான் திண்டாடினார்கள். இதிலிருந்துதான் இறங்கி ஏறும் அந்த 'யு' வளைவு வந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லோருக்கும் இது பொருந்தாது என்றும் காட்டின. சிலருக்கு முதல் நாளே மோசமாக இருக்கும், சிலருக்கு வரவே வராது.

ஒரு செமஸ்டர்காரர்களிடம் நான் பார்த்தவரை, வீட்டோடு பேசும் நேரம் ஏறஏற மனசு இறங்குகிறது. தினமும் இரண்டு மணி நேர வீடியோ அழைப்பு என்றால் நீங்கள் இன்னும் வீட்டில்தான் இருக்கிறீர்கள். தூக்கமில்லை, சாப்பிட முடியவில்லை, இரண்டு வாரமாக வகுப்புக்கே போகவில்லை என்றால் அது வேறு விஷயம். பல்கலைக்கழக ஆலோசகரிடம் நேரம் வாங்குங்கள். மாணவர்களுக்கு அது பெரும்பாலும் இலவசம். உங்கள் மார்க் லிஸ்டில் அது எதுவும் பதிவாகாது.

"செலவு விஷயத்துல எங்க ஏமாந்து போவோம்?"

கட்டணம் பெரிதாகக் கண்ணுக்குத் தெரியும், அதில் யாரும் ஏமாறுவதில்லை. எக்ஸ்சேஞ்ச் ஒப்பந்தம் இருந்தால் பொதுவாகச் சொந்தக் கல்லூரிக்குக் கட்டினால் போதும். தனியார் நிறுவனம் வழியாகப் போனால் இன்டர்ன்ஷிப் பொருத்தலுக்குத் தனிக் கட்டணம் இருக்கும். மறந்துபோவது வேறு: வீட்டு முன்பணம், விசா, மொழிபெயர்ப்புச் சான்று, அலுவலக உடை, இன்டர்ன்ஷிப்புக்குப் போகவர மாதாந்திர பயண அட்டை. முதல் ஆறு வாரத்துக்கான பணம் கையில் எடுக்கிற மாதிரி இருக்க வேண்டும். அங்கே வங்கிக் கணக்கு திறக்கவும் உதவித்தொகை வந்து விழவும் அவ்வளவு காலம் ஆகலாம்.

விலகினால் எந்தத் தேதிவரை எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதைக் காசு கட்டுவதற்கு முன் படியுங்கள்.

"இன்ஷூரன்ஸ் ஒண்ணு எடுத்தாச்சு, போதும்ல?"

மருத்துவ இன்ஷூரன்ஸ் என்றால் பாதிதான் ஆயிற்று. குறுகியகால ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பு கேட்பார்கள். நீண்டகால விசாவுக்கு அந்தந்த நாட்டின் விதி. இன்டர்ன்ஷிப்புக்கு இன்னும் இரண்டு தேவைப்படலாம். வேலையிடத்தில் உங்களுக்கு அடிபட்டால் யார் பொறுப்பு, நீங்கள் ஆய்வகக் கருவியை உடைத்துவிட்டால் யார் பொறுப்பு. நிறுவனமே சில இடங்களில் எடுத்திருக்கும், சில இடங்களில் கல்லூரி எடுக்கும், சில இடங்களில் இருவருமே மற்றவர் எடுத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். லேர்னிங் அக்ரிமென்ட்டிலேயே அந்த வரியை நிரப்பச் சொல்லுங்கள்.

"ஆபீஸ்ல ஒரு வேலையும் தரலை. சும்மா உட்கார்ந்திருக்கேன். யார்கிட்ட சொல்றது?"

முதல் வாரம் எல்லோருக்கும் அப்படித்தான். இரண்டாவது வாரம் முடிந்தும் அப்படியே என்றால், ஒப்பந்தத்தில் எழுதிய பணிகளை எடுத்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் போங்கள். "எனக்கு போர் அடிக்கிறது" என்று ஆரம்பிக்காமல், "இந்த மூன்றில் எதைத் தொடங்கட்டும்?" என்று கேளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் திட்ட ஒருங்கிணைப்பாளருக்கு எழுதுங்கள். மூன்றாவது, நான்காவது வாரத்தில் இடம் மாற்றித்தர முடியும். பத்தாவது வாரத்தில் அனுதாபம் மட்டும்தான் கிடைக்கும்.

ஒப்பந்தத்தில் பணிகள் என்ற இடத்தில் 'பொதுவான உதவி' என்று மட்டும் எழுதியிருந்தால் வாதாட உங்களிடம் ஒன்றுமில்லை. கையெழுத்துப் போடும்போதே அதைப் பாருங்கள்.

"ஒரு பேப்பர் போயிடுச்சுன்னா?"

மறுதேர்வு பெரும்பாலும் நீங்கள் திரும்பிய பிறகுதான் வரும், அதற்காக மறுபடி விமானம் ஏற முடியாது. வேறு இடத்திலிருந்து எழுத அனுமதிப்பார்களா என்று போவதற்கு முன்பே கேளுங்கள். சில துறைகள் சம்மதிக்கும். இல்லையென்றால் அந்தப் பாடத்தை இங்கே எழுத வேண்டியிருக்கும். அதனாலேயே அடுத்த படிப்புக்கு அடிப்படையான பாடத்தை வெளிநாட்டு செமஸ்டரில் வைக்க வேண்டாம் என்கிறேன். விருப்பப் பாடங்களை அதற்கென்று சேர்த்து வைத்துக்கொண்டு போங்கள்.

"வந்தாச்சு. மார்க் லிஸ்ட் வரலை, இன்டர்வியூல என்ன சொல்றதுன்னும் தெரியலை."

எராஸ்மஸ் திட்டத்தில் முடிவு வந்து ஐந்து வாரத்துக்குள் பட்டியல் அனுப்ப வேண்டும் என்பது வழக்கம். மற்ற இடங்களில் நீங்கள்தான் நினைவுபடுத்த வேண்டும். இன்டர்ன்ஷிப் சான்றிதழை மட்டும் கடைசி நாளிலேயே, தேதி, மொத்த மணி நேரம், செய்த வேலை, கையெழுத்து எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக் கையோடு வாங்கிவிடுங்கள். மேற்பார்வையாளர் வேலை மாறிப் போய்விட்டால் அதற்குப் பிறகு யாரிடமும் கேட்க முடியாது.

இன்டர்வியூவில் "புதிய பண்பாட்டைக் கற்றுக்கொண்டேன்" என்றால் எதிரே இருப்பவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். "மூன்றாவது வாரம் நான் செய்த அட்டவணை தப்பாகப் போனது, மேலாளர் நேரடியாகச் சொல்லவில்லை, அவர் சொல்லாமல் விட்டதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் ஆனது" என்று சொல்லுங்கள். கேட்பார்.

"எல்லாம் சரி. நான் போகவே வேண்டாம்னு எப்பத் தெரிஞ்சுக்கறது?"

நேர்மையான கேள்வி, ஆனால் அபூர்வமாகத்தான் வரும். இரண்டு மூன்று பாடம் ஏற்கெனவே பாக்கி வைத்திருந்தால் போகாதீர்கள். அங்கேயும் மனசு இங்கேதான் இருக்கும். உங்கள் படிப்பில் அந்த செமஸ்டருக்கென்றே கட்டாய ஆய்வகமோ களப்பயிற்சியோ இருந்து, அதற்கு வேறு ஈடு இல்லை என்று துறை சொன்னால், மல்லுக்கட்ட வேண்டாம். இன்டர்ன்ஷிப் மட்டும்தான் வேண்டும் என்றால் கோடை விடுமுறையில் இரண்டு மாதம் போங்கள். எராஸ்மஸின் இன்றைய வடிவமான எராஸ்மஸ் பிளஸ்ஸிலேயே இன்டர்ன்ஷிப்புக்குக் குறைந்தபட்சம் இரண்டு மாதம்தான். வகுப்பு மட்டும் வேண்டும் என்றால் சாதாரண எக்ஸ்சேஞ்ச் இதைவிட லேசானது.

வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை, மனசு அங்கே நிற்காது என்றால் அதுவும் காரணம்தான். அடுத்த செமஸ்டருக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டு ஒரு மெயில் போடுங்கள். பணம் திரும்பக் கிடைக்கும் தேதிக்கு முன்னால் போடுங்கள்.